கட்டி பேசுவதில்லை

மூளையில் கட்டி இருந்தால் அந்தக் கட்டிக்குள்ளிருந்துதான் கோணல்மாணலான அலை கிளம்பி வரும் என்ற நினைப்போடுதான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் எங்கள் ஈஈஜி அறைக்குள் நுழைகிறார்கள். முதல் வாரத்திலேயே அந்த நினைப்பை உடைத்துவிடுவேன். கட்டி மின்சாரம் போடாது. பக்கவாதத்தில் செத்துப்போன திசுவும் போடாது. சீழ்க்கட்டிக்குள் தேங்கிய சீழ், மண்டையோட்டுக்கடியில் உறைந்து கிடக்கும் ரத்தம், எதற்கும் குரல் கிடையாது. தாளில் நாம் பார்க்கிற விபரீத அலை முழுவதும் பழுதுக்குப் பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கும் மூளை போடுவது. இது மனதில் பதிந்துவிட்டால் ஈஈஜியில் பாதி தெரிந்த மாதிரி. பதியாதவர்கள் காலம் முழுக்கப் பேஸ்ட் தடவினாலும் வெறும் கோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். ரிப்போர்ட்டில் கையெழுத்து போடுகிற அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனால் பதிவு ஓடும்போது நோயாளியின் முகத்தையும் திரையையும் ஒரே நேரத்தில் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான். டாக்டர் பார்ப்பது பிறகு, தனியாக. அதனால் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு.

நாம் பிடிக்கப் பார்க்கும் சமாச்சாரம் எவ்வளவு சின்னது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்திருப்பவரின் பின்தலையில் வரும் ஆல்ஃபா அலை, நொடிக்கு 8 முதல் 13 வரை, ஏறக்குறைய 50 மைக்ரோவோல்ட் உயரம். ஒரு டார்ச் பேட்டரியின் அழுத்தத்தில் இது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. மண்டையோடு, தோல், முடி எல்லாவற்றையும் தாண்டி இது வந்து சேர வேண்டும். இதற்குக் கீழே நொடிக்கு 4 முதல் 8 வரை தீட்டா. 4-க்கும் கீழே டெல்டா. தூங்குகிறவருக்கும் கைக்குழந்தைக்கும் டெல்டா வரலாம், வர வேண்டும். விழித்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நாற்பது வயது ஆளுக்கு இடது காதுக்கு மேலே மட்டும் டெல்டா ஓடினால் அங்கே ஏதோ கோளாறு.

அந்தக் கோளாறை முதலில் இடம் காட்டியவர் கிரே வால்டர். 1936-இல் லண்டனில், கட்டி உள்ளவர்களின் தலைமேலிருந்தே இந்த மெதுவான அலைகளைப் பதிவுசெய்து, கட்டி எந்தப் பக்கம் என்று சொல்லலாம் என லான்செட் இதழில் எழுதினார். டெல்டா என்ற பெயரும் அவர் வைத்ததுதான். கட்டி ஊமை, அதைச் சுற்றியுள்ள திசுதான் அலை போடுகிறது என்பதும் அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. (பிற்காலத்தில் பிரிஸ்டலில் உட்கார்ந்துகொண்டு தானாக ஊர்ந்து வெளிச்சம் தேடிப் போகும் இயந்திர ஆமைகளைச் செய்தவரும் இதே மனிதர்தான். பிள்ளைகளுக்கு இந்த ஆமைக் கதை மட்டும் மறப்பதே இல்லை.) அந்தக் காலத்தில் கட்டியின் இடத்தைத் தெரிந்துகொள்ள வேறு வழி என்றால், முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள், இல்லாவிட்டால் கழுத்து ரத்தக்குழாயில் சாயம் செலுத்துவார்கள். காற்று ஏற்றினால் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். ஈஈஜியில் அந்த வலி கிடையாது. 1971 அக்டோபர் முதல் தேதி, லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுக்கும்வரை ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் கட்டியைத் தேடும் வேலையில் ஈஈஜிக்குப் பெரிய பங்கு இருந்தது. இப்போது அந்த வேலை ஸ்கேனுக்குப் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமில்லை. பழுது எங்கே, எவ்வளவு பெரிது என்று ஸ்கேன் சொல்லட்டும். பழுதைச் சுற்றியிருக்கும் மூளை என்ன பாடுபடுகிறது என்பதை ஸ்கேன் சொல்லாது.

டெல்டாவிலேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இன்னொன்று, தாளம் தப்பாமல் வருவது. மற்றொன்று ஒழுங்கே இல்லாதது: ஓர் அலை அரை நொடி, அடுத்தது ஒரு நொடி, ஒன்று சரிந்த மேடு, அடுத்தது இரண்டாகப் பிளந்த முகடு. கண்ணைத் திறக்கச் சொன்னாலும் மாறாது. தூங்க வைத்தாலும் விட்டுப் போகாது. இந்த ஒழுங்கற்ற டெல்டா ஒரே இடத்தில் விடாமல் ஓடினால், அடியில் கட்டமைப்பிலேயே பழுது இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கட்டியா, அடைப்பா, ரத்தக்கசிவா, சீழா என்று அலை சொல்லாது. வேகமாக வளரும் கட்டிக்கும் சீழ்க்கட்டிக்கும் டெல்டா பெரிதாகவும் மிக மெதுவாகவும் வரும். வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்த மூளையுறைக் கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்தாலும் ஈஈஜி ஒன்றும் தெரியாத மாதிரி ஓடுவதுண்டு. மூளை அதற்கு இடம் விட்டுப் பழகிவிடுகிறது.

இந்த ஒழுங்கற்ற டெல்டா எங்கிருந்து வருகிறது என்பதை மான்ட்ரியலில் பியர் குளோர் குழுவினர் பூனைகளை வைத்து ஆராய்ந்து 1977-இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் எனக்குப் பல பதிவுகள் துலங்கின. மேலேயுள்ள புறணியை மட்டும் காயப்படுத்தினால் டெல்டா அவ்வளவாக வரவில்லை. அதற்கு அடியில் கம்பிக்கட்டுகள் போல ஓடும் வெண்பொருளைக் காயப்படுத்தினால், அதற்கு நேர் மேலே உள்ள புறணியில் டெல்டா வந்தது. தாலமஸில் ஒரு பக்கம் காயம் என்றால் அந்தப் பக்கம் டெல்டா. நடுமூளையில் காயம் என்றால் இரண்டு பக்கமும் டெல்டா. வெறும் வீக்கம் மட்டும் இருந்தால் டெல்டா இல்லை. ஆக, டெல்டா போடும் புறணிக்குச் சொந்தக் காயம் எதுவும் இல்லாமலே போகலாம். கீழேயிருந்து அதற்கு வர வேண்டிய சேதிதான் நின்றுபோயிருக்கிறது. வெள்ளத்தில் பாலம் அறுந்துபோன ஊர் மாதிரி: வீடும் ஆளும் அப்படியே இருக்க, பஸ் வராது, பேப்பர் வராது, ஊரே பகலில் திண்ணையில் தூங்கும். டெல்டா அந்தத் தூக்கம்.

இனி என் கைவேலைக்கு வருகிறேன். ஸ்கேனில் இல்லாத பழுதை ஒரு டெக்னீஷியனால் தாளில் உண்டாக்கிவிட முடியும். மூக்குக்கு மேலே உள்ள குழியிலிருந்து பின்தலை முண்டு வரை டேப் வைத்து அளந்து, அதில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்துப் புள்ளி வைப்பது 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக்கொடுத்த முறை. உலகம் முழுக்க 10–20 என்றால் அதுதான். அவசரத்தில் கண்ணளவில் வைத்தால் இடது பக்கம் இரண்டு எலெக்ட்ரோடு நெருங்கி, வலது பக்கம் விலகிப் போகும். நெருங்கிய பக்கத்தில் அலை குட்டையாக விழும். ரிப்போர்ட்டில் ‘இடது பக்கம் அலை தணிந்திருக்கிறது’ என்று வரும். உறைந்த ரத்தம் இருக்குமோ என்று நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். பேஸ்ட்டை அள்ளி அப்பினாலும் இதே கதை. இரண்டு எலெக்ட்ரோடுக்கு நடுவே அது ஒழுகிச் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், கோடு படுத்துவிடும். ஒவ்வொரு எலெக்ட்ரோடின் மின்தடையையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவராமல் பதிவைத் தொடங்குவதில்லை என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளியே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எங்கள் ஊரில் இந்தத் தடையைக் குறைப்பதற்கு முதல் எதிரி தேங்காயெண்ணெய். “முந்தின நாளே தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்க” என்று சீட்டில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புவோம். வருகிற பாட்டி தலையை வழவழவென்று படிய வாரி, கொண்டை போட்டு, பூவும் வைத்துக்கொண்டு வருவார். “என்ன பாட்டி, எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே?” என்றால், “வெறுந்தலையோட எப்படித்தா பஸ் ஏறி டவுனுக்கு வர்றது? கொஞ்சூண்டுதான் தொட்டேன்” என்பார். அப்புறம் ஸ்பிரிட் வைத்து, தோலைத் தேய்க்கும் ஜெல் வைத்து, ஒவ்வொரு புள்ளியாக நான் துடைக்க வேண்டும். துடைக்கும்போதே பேச்சு கொடுப்பேன். தலையில் எப்போதாவது அடிபட்டதா, தையல் போட்டதா, விரலுக்கு ஏதாவது மேடோ பள்ளமோ தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். எண்ணெய்க்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் அது ஒன்றே.

அடுத்த எதிரி வியர்வை. அக்னி நட்சத்திர நாளில் ஏசி நின்றால் பத்து நிமிஷத்தில் எல்லாக் கோடும் கடலலை மாதிரி மெல்ல ஏறி இறங்கத் தொடங்கும். இரண்டு நொடிக்கு ஒரு அலை. புதியவர் கண்ணுக்கு டெல்டா. கண்ணும் ஏமாற்றும். விழியின் முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். அதனால் இமை அசையும்போதெல்லாம் நெற்றிக் கோடுகளில் பெரிய வளைவு விழும். ஒரு கண் செயற்கைக் கண்ணாக இருந்தால் அந்தப் பக்கம் வளைவு விழாது. முன்மூளையில் ஒரு பக்கம் மட்டும் டெல்டா என்று பதிவு பொய் சொல்லும். தாளின் ஓரத்தில் ‘வலது கண் செயற்கை’ என்று மூன்று சொல் எழுதியிருந்தால் போதும். அந்த மூன்று சொல்லை எழுத வேண்டியவர் டெக்னீஷியன். கணினி எழுதாது.

ஓரத்துக் குறிப்பு எவ்வளவு பெறும் என்பதற்கு ஒரு பையனைச் சொல்கிறேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஹெல்மெட் போடாமல் பைக்கில் போய் விழுந்தவன். மூளை வீங்கியதால் வலது பக்க மண்டையோட்டை ஒரு பெரிய வில்லையாக எடுத்திருந்தார்கள். “எலும்பு எங்க தம்பி இருக்கு?” என்று கேட்டேன். சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டி, “இங்கதான்க்கா வச்சுத் தச்சிருக்காங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வைப்பாங்களாம்” என்றான். காதுக்கு முன்னாலிருந்து உச்சிவரை லாட வடிவத் தழும்பு. நடுவில் தோல் குழிந்து, துடிப்பு கண்ணுக்கே தெரிந்தது.

பதிவைப் போட்டதும் வலது பக்க நடுப்பகுதியில், சி4 எலெக்ட்ரோடைச் சுற்றி, அலைகள் மற்ற பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றன. நொடிக்கு எட்டு, ஒன்பது என்று வில் மாதிரி வளைந்த அலைகள்; நுனி ஒவ்வொன்றும் கூர். இடையிடையே ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையும் நெடுநெடுவென்று. அதைமட்டும் வெட்டியெடுத்து யாரிடமாவது காட்டினால் வலிப்பு அலை என்பார்கள். பையனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. வரக்கூடும் என்ற பயத்தில்தான் ஈஈஜி கேட்டிருந்தார்கள். “தம்பி, இடது கையை இறுக்கி மூடுங்க” என்றேன். மூடினான். அந்த வில் அலைகள் சட்டென்று படுத்துவிட்டன. “திறங்க.” இரண்டு நொடியில் மறுபடி எழுந்தன. வலது கையை மூடச் சொன்னபோது அந்த அளவு மாறவில்லை. மறுபடி இடது கை, மறுபடி படுத்தன. நேரத்தோடு எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். வலிப்பு அலை கையை மூடியதற்கெல்லாம் ஒளியாது. இது கை அசைவைக் கவனிக்கும் பகுதியில் எல்லோருக்கும் இருக்கும் சாதாரண மியூ தாளம். எலும்பு என்ற திரை விலகியதால் உள்ளே இருப்பது உரக்கக் கேட்கிறது, அவ்வளவுதான். 1979-இல் காப், கிலோஃப், காஸ்ட் என்ற மூவர் இதை விவரித்து, எலும்பு உடைப்பின் பெயரையே அந்தத் தாளத்துக்கு வைத்தார்கள். பழுதும் விபரீத அலையும் ஒரே இடத்தில் இருந்தாலும் ஒன்று மற்றதன் விளைவாக இருக்க வேண்டியதில்லை.

சரித்திரம் இங்கே ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. மனித ஈஈஜியே இப்படியொரு திறப்பின் வழியாகத்தான் முதலில் கிடைத்தது. 1924 ஜூலை 6-ஆம் தேதி ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் பதிவு எடுத்தது பதினேழு வயதுப் பையனிடம். மூளை அறுவை நடந்து மண்டையோட்டில் எலும்பு இல்லாத இடம் இருந்த பையன். எலும்பு முழுதாக இருக்கும் தலையிலும் அதே அலை வருகிறது என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டு அவர் வெளியிட்டது 1929-இல். அந்த ஐந்து வருஷத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். தாள் இயந்திரக் காலத்தில் தொடங்கியவள் நான். நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் 54 மீட்டர் தாள். அதில் ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

வந்த அலையைப் பார்ப்பது எளிது. வராத அலையைப் பார்க்கத்தான் கண் பழக வேண்டும். பின்தலை ஆல்ஃபா ஒரு பக்கம் மட்டும் மங்கியிருக்கும். அல்லது கண்ணைத் திறந்ததும் இரண்டு பக்கமும் அடங்க வேண்டிய ஆல்ஃபா ஒரு பக்கம் அடங்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். பாரிஸில் வேலை பார்த்த பாங்கோவின் பெயரால் அதைச் சொல்வார்கள். அடங்காத பக்கம்தான் பழுதான பக்கம். தூக்கத்தில் வரும் கதிர்வடிவ அலைகள் ஒரு பக்கம் காணாமல் போகும். எனக்குப் பிடித்த தடயம் பீட்டா. குளோபசாம், ஃபினோபார்பிடோன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை முழுக்கப் பொடிப்பொடியாகப் பீட்டா ஓடும். மருந்து பேதம் பார்ப்பதில்லை. இரண்டு பக்கப் புறணிக்கும் ஒரே அளவுதான் கொடுக்கிறது. ஒரு மூலையில் மட்டும் அந்தப் பொடி இல்லையென்றால் அங்கே புறணியே சரியில்லை. டெல்டா கீழே பாலம் அறுந்ததைச் சொல்கிறது என்றால், பீட்டா இல்லாமை மேலே வீடே இடிந்ததைச் சொல்கிறது. மாத்திரைப் பெயரைக் கேட்டு எழுதாமல் இதைப் படிக்க முடியாது. “நீலக் கலர் அட்டை, சின்ன மாத்திரை” என்றுதான் சொல்வார்கள். பையைக் கொட்டச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் தொழிலில் என் வயிற்றைப் பிசைகிற அலை ஒன்று உண்டு. எட்டு வயதுப் பையனையோ பெண்ணையோ அம்மா கூட்டிவருவார். நன்றாகப் படித்த பிள்ளை, ஆறு மாதமாகப் பாடம் ஏறவில்லை, ஸ்கூலில் அடி வாங்குகிறது. எழுதும்போது பென்சில் கையிலிருந்து விழுகிறது. சாப்பிடும்போது தலை டக்கென்று குனிந்து நிமிர்கிறது. பதிவைப் போட்டால் ஆறு நொடி சும்மா ஓடும். பிறகு எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் மலை மாதிரி எழுந்து விழும். முந்நூறு மைக்ரோவோல்ட், அதற்கும் மேலே. மறுபடி ஆறு நொடி. மறுபடி அதே மலை, அதே வடிவம். தாள் இயந்திரத்தில் பேனா முட்கள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்ளும். உணர்திறனைக் குறைத்துத்தான் மேலே ஓட்ட முடியும். நான் பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு குறி போடுவேன். மலையும் குறியும் ஒன்றின்மேல் ஒன்று விழும். டாக்டர் டயாசிபாம் ஊசி போடச் சொன்னால் குனிவது குறையலாம்; மலைகள் போகாது. “சின்னதுல அம்மை எதுவும் போட்டுச்சாம்மா?” என்றால், “தட்டம்மை வந்துச்சு மேடம், கைப்பிள்ளையா இருக்கும்போது. தடுப்பூசி போடற வயசுகூட ஆகல” என்று பதில் வரும்.

தட்டம்மைக் கிருமி மூளைக்குள் பல வருஷம் பதுங்கியிருந்து, பிறகு மெல்ல எரிக்கும் நோய் அது. எஸ்எஸ்பிஇ என்பார்கள். பெல்ஜியத்தில் ராடர்மெக்கர் 1949-இல் விவரித்த அலைக்கூட்டம் இது. 4 முதல் 10 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். நோய் தொடங்கும் காலத்தில் எம்ஆர்ஐ சுத்தமாக இருப்பதுகூட உண்டு. வெண்பொருளில் வெள்ளைத் திட்டுகள் பிறகுதான் தெரியும். பழுது கண்ணுக்குத் தெரியும் முன்பே அலை வந்துவிடுகிற சில இடங்களில் இது ஒன்று. நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. “என்ன மேடம் தெரியுது?” என்று அம்மா கேட்பார். “டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்கம்மா.” அதற்குமேல் நான் சொல்லக் கூடாது. தட்டம்மைத் தடுப்பூசி நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் 1985-இலிருந்து இருக்கிறது. ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயதில் இன்னொன்று. தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருகிறது என்று தள்ளிப்போடுகிற வீடுகளில் இந்த அலையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வரும்.

மீண்டும் மீண்டும் வரும் அலை ஒரு பக்கம் மட்டும் வந்தால் விஷயம் வேறு. நொடிக்கு ஒன்று, அல்லது இரண்டு நொடிக்கு ஒன்று என்று கடிகாரம் மாதிரி ஒரு பக்கக் கூர்முனை. 1964-இல் சாட்ரியனும் கூட்டாளிகளும் இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பின்னால் மாற்றிவிட்டாலும் பழைய டாக்டர்கள் இன்றும் ‘பிளெட்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வந்த பக்கவாதம், வேகமாக வளரும் கட்டி, ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் ஆகியவை முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. காய்ச்சலும் குழப்பமான பேச்சுமாக வந்தவருக்குக் காதோரத்தில் இது ஓடினால், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் நான் போனை எடுத்துவிடுவேன். ஹெர்பிஸ் என்றால் அசைக்ளோவிர் தொடங்கும் நேரத்தில் தாமதம் கூடாது.

பெரிய அலை எல்லாம் பழுது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெற்றிப் பக்கம் இரண்டு புறமும் தாளம் தப்பாத டெல்டா விட்டுவிட்டு வந்தால், மூளையின் ஆழத்தில் கட்டி, உள்ளழுத்தம் ஏறியிருக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இன்றைக்கு அந்த அலையோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சோடியம் குறைந்திருக்கும், சிறுநீரகம் பழுதாகியிருக்கும், தொற்று ரத்தத்தில் பரவியிருக்கும். கல்லீரல் கெட்டுச் சுயநினைவு மங்கியவருக்கு மூன்று கட்டமாக ஏறி இறங்கும் அலை வரும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்லாம் இருக்கும்.

இதற்கு நேர் எதிர் கதை நம் ஊரில் தினமும் நடக்கிறது. முதல்முறை வலிப்பு வந்து சிடி எடுத்தால் சின்னதாய் ஒரு வளையம் தெரியும். ஒரு காலத்தில் இதைக் காசநோய்க் கட்டி என்று வைத்து, மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சிஎம்சியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அந்த வளையங்களை எடுத்து ஆராய்ந்து, பலவற்றில் இருப்பது நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்கு வந்து உண்டான நீர்க்கட்டி என்று 1989-இல் லான்செட்டில் எழுதினார்கள். இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்களையும் பிறகு வகுத்தார்கள். இந்த வளையம் பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்குள்தான். கூர்முனை அலை ஒன்று தலைமேல் தெரிய வேண்டுமென்றால் புறணியில் ஆறு முதல் பத்து சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரே நேரத்தில் துடிக்க வேண்டும். வளையத்தைச் சுற்றி அவ்வளவு பரப்பு எப்போதும் துடிப்பதில்லை. அதனால் பலருக்கு ஈஈஜி சுத்தமாக வரும். “ஈஈஜி நார்மல்னு போட்டிருக்கே, மாத்திரையை நிறுத்திறலாமா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நிறுத்தக் கூடாது. நான் பதிவு எடுத்த அரை மணி நேரத்தில் பக்கத்து மூளை வாய் திறக்கவில்லை என்பதைத் தவிர அந்த நார்மலுக்கு வேறு பொருள் கிடையாது.

இப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் என் விதியை நானே முறித்துக் காட்ட ஒரு பதிவை எடுத்துவைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண். தூக்கத்தில்தான் வலிப்பு, சில ராத்திரி ஐந்தாறு தடவை. வெளியூரில் எடுத்த எம்ஆர்ஐ நார்மல். தூங்க வைத்துப் பதிவு போட்டேன். வலது நெற்றிப் பக்கம், எஃப்4-இல், கூர்முனை அலை ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல், ஒரே தாளத்தில் ஓடியது. நின்றது என்று பார்த்தால் சில நொடியில் மறுபடி தொடங்கியது. பக்கத்து எலெக்ட்ரோடுகளுக்கு அது பரவவே இல்லை. எலெக்ட்ரோடு தளர்ந்திருக்குமோ என்று எஃப்4-ஐக் கழற்றி, வேறொன்றை வைத்துப் பார்த்தேன். அதே ஓட்டம். ‘இடைவிடாத தாளம், ஓரிடம் மட்டும், எலெக்ட்ரோடு மாற்றிச் சரிபார்த்தது’ என்று எழுதினேன். இந்தக் குறிப்போடு டாக்டர் ஸ்கேன் டாக்டரிடம் பேசினார். 3 டெஸ்லா இயந்திரத்தில் மெல்லிய வெட்டுகளாக மறுபடி எடுத்தபோது, ஒரு மடிப்பின் அடியில் சாம்பல்பொருளும் வெண்பொருளும் சேரும் கோடு ஓரிடத்தில் மட்டும் மங்கியிருந்தது. கருவிலேயே புறணி சரியாக அடுக்கப்படாமல் போன இடம். முதல் பார்வையில் யார் கண்ணுக்கும் படாது.

இந்த வகைப் புறணிக் கோளாறை டேலர் குழுவினர் லண்டனில் 1971-இல் விவரித்தார்கள். 1995-இல் பால்மினி குழுவினர், அறுவையின்போது மூளைமேலேயே எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்து, அந்த விடாத ஓட்டம் கோளாறான திசுவுக்குள்ளிருந்தே வருகிறது என்றும், அந்தப் பகுதியை முழுதாக எடுத்தால்தான் வலிப்பு நிற்க வாய்ப்பு அதிகம் என்றும் காட்டினார்கள். இங்கே பழுது ஊமை இல்லை. செத்த திசுவும் இல்லை, அந்நியக் கட்டியும் இல்லை. தப்பான அடுக்கில் பிறந்து, உயிரோடிருந்து, தானே கத்துகிற மூளை. ‘பழுதுக்குக் குரல் கிடையாது’ என்று முதல் வாரம் எழுதிக்கொண்ட பிள்ளைகள் நோட்டைப் புரட்டிப் பார்த்து என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும் என்றுதான் இதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் அப்பா அறுவைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை; அம்மா சம்மதித்துவிட்டார். அறுவை செய்யும் டாக்டர்கள் அதற்குள் இன்னொரு தூக்கப் பதிவு கேட்டிருக்கிறார்கள். 10–20 முறையில் ஒரு எலெக்ட்ரோடுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. மடிப்பின் அடியில் இருக்கும் சின்னப் புள்ளிக்கு இது ரொம்பத் தூரம். இந்தத் தடவை எஃப்4-ஐச் சுற்றி அந்த இடைவெளியைப் பாதியாக்கி, கூடுதல் எலெக்ட்ரோடுகள் வைக்கப் போகிறேன். கையிருப்பில் ஒயர் போதாது. ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.